தக்காளி லோடும் பதினோரு டிக்கெட்டும்

செங்கோடனின் ஆபீஸில் மேசை ஒன்று, நாற்காலி மூன்று, போன் நான்கு. நாமக்கல்லில் சேலம் ரோட்டோரம், டயர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. லாரி புக்கிங் ஆபீஸ் என்று போர்டு மாட்டியிருக்கிறதே தவிர, அவருக்கு லாரி ஒன்றும் சொந்தமில்லை. ஆனால் நாட்டின் எந்த மூலையில் எந்த நாமக்கல் வண்டி லோடு கிடைக்காமல் நிற்கிறது, அதன் டிரைவர் எத்தனை நாளாக ஹோட்டலில் சாப்பிடுகிறார், எத்தனையாவது நாள் அவருக்கு வீட்டு நினைப்பு வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

தொழில் சுலபமானது. சரக்கோடு நாக்பூர் போன லாரி காலியாகத் திரும்பினால் டீசல் காசு கையை விட்டுப் போகும். அதனால் திரும்பும்போது கிடைத்த சரக்கைக் கிடைத்த வாடகைக்கு ஏற்றிக்கொண்டு வரும். இதற்கு ரிட்டன் லோடு என்று பெயர். சரக்கு வைத்திருப்பவரையும் வண்டி வைத்திருப்பவரையும் சேர்த்துவைத்து நடுவில் கமிஷன் எடுப்பது செங்கோடனின் வேலை. முதல் நாள் டிரைவர் நாற்பதாயிரம் கேட்பார். "பாக்கலாமுங்க" என்று இவர் போனை வைத்துவிடுவார். இரண்டாம் நாள் முப்பத்து நான்கு. மறுபடியும் பாக்கலாமுங்க. மூன்றாம் நாள் டிரைவரே கூப்பிட்டு, டீசல் காசு வந்தால் போதும், வீட்டில் பேச மாட்டேன் என்கிறாள் என்பார். அன்றைக்கு லோடு ஏறும்.

முப்பத்தோரு வருடமாக இதையே செய்துவரும் மனிதருக்கு உலகத்தைப் பற்றி ஒரே கொள்கைதான் இருக்க முடியும்: காத்திருந்தால் விலை இறங்கும். கொய்யாப்பழத்தைக் கடை கட்டும் நேரத்தில் வாங்குவார். தீபாவளித் துணியைத் தீபாவளிக்கு மறுநாள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எடுப்பார். பெண் பார்க்கும்போதும் மூன்று வருடம் காத்திருந்தார், அதில் மட்டும் விலை இறங்கவில்லை என்று அவர் மனைவி சௌந்திரம் சொல்வதுண்டு.

இவர்களுடைய மகன் கதிர் போர் போடும் ரிக் வண்டியோடு குவாஹாட்டி போய் ஆறு வருடம் ஆகிறது. பூமிக்குள் எண்ணூறு அடிக்குத் துளை போட்ட பையன், பைப் வாங்கப் போன கடையில் முதலாளியின் மகள் ரூபாலியிடம் அசையாமல் நின்றுவிட்டான். விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் சௌந்திரம் மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. நான்காம் மாதம் வீடியோ காலில் அந்தப் பெண் வந்து, "சாப்டீங்களா அத்தை" என்று கேட்டது. மனப்பாடம் செய்த மூன்று சொல். ஆனால் வீட்டில் அந்தக் கேள்வியைச் சௌந்திரத்திடம் யாரும் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்ததால், கல்யாணம் அப்போதே முடிவாகிவிட்டது.

மாசியில் ஒரு வியாழக்கிழமை காலை, குவாஹாட்டியில் ஒரு கோயிலில் முகூர்த்தம். பெண்ணின் அப்பா வீடியோவில் கைகூப்பி, அவ்வளவு தூரத்திலிருந்து நீங்கள் எத்தனை பேர் வர முடியும், நான்கு பேர் வந்தாலே சந்தோஷம் என்று இந்தியில் சொன்னார். கதிர் அதைத் தமிழில் சொன்னான். செங்கோடனுக்கு அதில் ஏதோ ஒரு இடத்தில் சுருக்கென்றது. பத்து விரலையும் காட்டிவிட்டு, மறுபடி ஒரு விரலைக் காட்டினார்.

"பதினோரு பேர் வாரோமுன்னு சொல்லு."

அவரும் சௌந்திரமும் இரண்டு. ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள் சரிதா, மருமகன், குழந்தைகள் இரண்டு. சௌந்திரத்தின் தம்பியும் அவர் மனைவியும். தாய்மாமன் இல்லாமல் கல்யாணமா? பங்காளிகள் இரண்டு பேர். பதினோராவது ஆள் செங்கோடனின் அக்கா பாப்பாயி, வயது அறுபத்தைந்து. சேதி வந்த மறுநாளே அவர் சேலம் போய் ஒரு கம்பளிச் சட்டை வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு நாமக்கல் வெயிலில் தெருவில் இரண்டு முறை நடந்து, ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் பிளேனில் போகப்போவதைச் சொல்லிவிட்டார்.

ரயிலில் போனால் மூன்று ராத்திரி. அக்காவின் முழங்கால் ஒரு ராத்திரிக்கே ஒத்துக்கொள்ளாது. அதனால் விமானம்தான் என்று முடிவு. போகவர ஒன்றரை லட்சம் ஒதுக்கியாயிற்று. அதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை என்பது சௌந்திரத்துக்குத் தெரியும். மற்ற செலவுக்கான காசெல்லாம் அவர் கையில்தான் இருந்தது. அவருக்கு ஒரே ஒரு பயம்.

"அந்தப் பக்கம் நூறு பேர் நிப்பாங்க. என்ற பையன் பக்கம் நாலு பேர் நின்னா, ஆருமில்லாத பையனுன்னு நெனச்சுப்போட மாட்டாங்களா?"

கல்யாணத்துக்கு எழுபது நாள் இருக்கும்போது சரிதா போனில் பார்த்துச் சொன்னாள்: பெங்களூரிலிருந்து நேராகப் போகும் விமானம், தலைக்கு ஐயாயிரத்து நானூறு, இப்போதே எடுத்துவிடலாம். செங்கோடன் சிரித்தார். சின்னப் பிள்ளை கேட்ட கேள்விக்குச் சிரிக்கும் சிரிப்பு அது.

காலி சீட்டோடு பறக்கும் விமானமும் காலியாகத் திரும்பும் லாரியும் ஒன்றுதான் என்று அவர் விளக்கினார். கிளம்பிவிட்டால் அந்தச் சீட்டுக்கு விலை பூஜ்யம். ஆகவே கிளம்பும் நாள் நெருங்க நெருங்கக் கம்பெனிக்காரன் ரேட்டை இறக்குவான். முதல் நாள் சாயங்காலம் அவனே கூப்பிட்டு, வந்து ஏறிக்கொள்ளுங்கள் என்பான். கேட்ட மருமகனுக்கும் நியாயமாகத்தான் பட்டது. இப்படித் தப்பான காரியங்களுக்குத்தான் எப்போதும் நல்ல நியாயம் கிடைக்கிறது.

இதோடு இன்னொரு உத்தரவும் போட்டார். யாரும் போனில் அந்த விமானத்தைத் தேடிப் பார்க்கக் கூடாது. லாரி மார்க்கெட்டில் ஒரே லோடுக்கு ஐந்து புரோக்கர் வண்டி கேட்டால் ஐந்து லோடு கிடக்கிறது என்று நினைத்து வாடகை ஏறிவிடும். அதே போலப் பதினோரு பேரும் பார்த்தால் பதினோரு மடங்கு ஆசை என்று மிஷின் நினைத்துக்கொள்ளும். அப்படித் தேடினால் விலை ஏறும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று சரிதா சொன்னாள். ஆதாரம் இல்லாததைத்தான் ஊரே நம்புகிறது என்றார் அப்பா. கடைசியில் டீக்கடைக்காரரின் போனில் மட்டும் பார்க்கலாம் என்று அனுமதி. அந்த மனிதர் டீ ஆற்றிக்கொண்டே நாமக்கல்லுக்கு விமான நிலவரம் சொல்ல ஆரம்பித்தார். முட்டை விலை காலையில், பிளேன் விலை சாயங்காலம்.

ஒரு மாதம் இருக்கையில் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம். செங்கோடன் "பாக்கலாமுங்க" என்றார். மூன்று வாரம் இருக்கையில் ஏழாயிரத்து எண்ணூறு. நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை இருநூறு ரூபாய் இறங்கியது. அன்றைக்கு டீக்கடையில் எல்லாருக்கும் செங்கோடன் டீ வாங்கிக் கொடுத்தார், பார்த்தீர்களா என்று. வியாழக்கிழமை அது ஆயிரம் ஏறியது. இரண்டு வாரம் இருக்கையில் ஒன்பதாயிரத்து அறுநூறு. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது டீக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பதினோரு பேருக்கு, தலைக்குப் பதினோராயிரத்துத் தொள்ளாயிரம்.

போவதற்கு மட்டும் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துத் தொள்ளாயிரம். திரும்பி வர மீதி இருப்பது பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். அதற்கு மிஞ்சிப்போனால் இரண்டு பேர் வரலாம். மற்ற ஒன்பது பேரும் அஸ்ஸாமிலேயே குடியேற வேண்டியதுதான்.

அன்றைக்குச் சௌந்திரம் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். சாப்பிட்டு முடித்ததும் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தையும் ஒரு பேனாவையும் கொண்டுவந்து வைத்தார். யார் யார் வரப்போவதில்லை என்று நீங்களே எழுதுங்கள் என்றார். செங்கோடன் பதினோரு பெயரையும் எழுதினார். கணக்குப்படி ஐந்தாறு பெயரை அடிக்க வேண்டும். குழந்தைகளை அடித்தால் சரிதாவால் வர முடியாது. சரிதா இல்லையென்றால் இணைச்சீர் இல்லை. மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் கூறைச்சேலையின் ஒரு முனையைப் பிடித்து நின்றால்தானே அது கல்யாணம். தாய்மாமனை அடித்தால் ஆயுசுக்கும் பகை. பங்காளிகளை அடித்தால் ஆயுசு முடிந்த பிறகும் பகை. பேனா சுற்றிச் சுற்றிப் பாப்பாயி என்ற பெயரில் வந்து நின்றது.

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்திருந்தபோது, வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. ஓமலூர்ப் பக்கத்துத் தக்காளி வியாபாரி ஒருவர் இறங்கி ஓடிவந்தார். பேசி வைத்த லாரி பழுதாகிவிட்டது, ஆறு டன் தக்காளி கிரேட்டில் கிடக்கிறது, காலையில் எர்ணாகுளம் மார்க்கெட்டில் இறங்க வேண்டும், ஒரு வண்டி வேண்டும். செங்கோடன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாய் தானாகவே "இருபத்தெட்டாயிரம்" என்றது. பதினெட்டாயிரம் போகும் தூரம். தக்காளிக்காரர் நெஞ்சில் கை வைத்தார், கடவுளை ஒருமுறை கூப்பிட்டார், பிறகு சரி என்றார்.

அதே நாற்காலியில் அரை மணி நேரம் முன்னால் ஒரு ஜவ்வரிசி ஆலைக்காரர் உட்கார்ந்திருந்தார். அதே எர்ணாகுளம், அதே ஆறு டன். என்றைக்கு வண்டி தோதாக வருகிறதோ அன்றைக்கு ஏற்றுங்கள், அவசரமில்லை என்று பன்னிரண்டாயிரத்துக்குப் பேசி முடித்துவிட்டுப் போயிருந்தார்.

செங்கோடன் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார். அது பாதியிலேயே நின்றது. டீக்கடைக்காரர் பிறகு சொன்னது, ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தாராம்.

தேதி மாற்ற முடியாத கல்யாணத்துக்குப் போகிற பதினோரு பேர். வியாழக்கிழமை காலை போய் இறங்கியாக வேண்டும். வெள்ளிக்கிழமை இறங்கினால் அழுகிப்போன சரக்கு. இத்தனை நாளாகத் தன்னைச் சரக்குக்காரன் என்றும் விமானக் கம்பெனியை வீட்டு நினைப்பு வந்த லாரி டிரைவர் என்றும் அவர் நினைத்திருந்தார். அங்கே உட்கார்ந்திருப்பது டிரைவர் இல்லை. நாற்காலியில் சாய்ந்து, நிமிர்ந்து பார்க்காமல் ரேட் சொல்லும் இன்னொரு செங்கோடன். கடைசி நேரத்தில் ஓடிவருகிறவன் தக்காளிக்காரன் என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்காகத்தான் சில சீட்டைக் கடைசிவரை விற்காமல் வைத்திருக்கிறான். ஒன்றிரண்டு சீட்டு காலியாகப் பறந்தாலும் கவலையில்லை. ஒரு தக்காளிக்காரன் இரண்டு ஜவ்வரிசிக்காரனுக்கு மேல்.

அவமானத்தில் குறுகியிருக்க வேண்டிய மனிதர் முகம் மலர்ந்துவிட்டார். நாடு விட்டு நாடு போனவன் அங்கே சொந்த ஊர்க்காரனைப் பார்த்ததுபோல இருந்தது அவருக்கு. உடனே சரிதாவைக் கூப்பிட்டார்.

"சாமி, நாம தக்காளி."

மகளுக்குப் புரியவில்லை. முழுவதும் கேட்டபிறகு, இதைத்தானே நான் இரண்டு மாதமாகச் சொல்கிறேன் என்றாள். நீ இங்கிலீஷில் சொன்னாய் என்றார் அப்பா. அவள் ஒரு வார்த்தைகூட இங்கிலீஷில் சொல்லியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஆபீஸின் மூன்று நாற்காலியிலும் குடும்பம் உட்கார்ந்தது. புத்திசாலியான தக்காளிக்காரன் என்ன செய்வான் என்று செங்கோடனுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களிடம்தான் அவருக்குக் கமிஷன் குறைந்திருக்கிறது. மாற்ற முடியாததை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றுவான்.

முதலில் மொத்த லோடையும் ஒரே வண்டியில் கேட்பதை நிறுத்துவான். பதினோரு பேருக்கு என்று போடாமல் ஒரு ஆளுக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் என்று வந்தது. இரண்டு பேருக்கும் அதே. மூன்று பேருக்கும் அதே. நான்கு என்றதும் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. சரிதா விளக்கினாள்: ஒரே விமானத்தில் சீட்டையெல்லாம் படிப்படியாக ரேட் வைத்து அடுக்கியிருக்கிறார்கள், கீழ்ப் படியில் மூன்றுதான் மிச்சம், பதினோரு பேர் சேர்ந்து கேட்டால், பதினோரு சீட்டும் ஒன்றாகக் கிடைக்கிற மேல் படிக்குத் தூக்கிக்கொண்டுபோய் எல்லாருக்கும் அந்த ரேட்டையே போட்டுவிடுகிறது. விமானக் கம்பெனியின் அந்த இன்னொரு செங்கோடன் மேல் செங்கோடனுக்கு மரியாதை இன்னும் கூடியது. பார்ட் லோடுக்கு ஒரு வாடகை, ஃபுல் லோடுக்கு ஒரு வாடகை என்பது சரி; ஃபுல் லோடுக்குக் கிலோ ரேட்டை ஏற்றலாம் என்ற யோசனை தனக்கு முப்பத்தோரு வருடத்தில் வரவில்லையே என்று வருத்தப்பட்டார்.

அடுத்தது, கிளம்பும் இடம். பெங்களூர் ஒன்றுதானா ஊர்? சென்னையில் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பும் விமானத்தில் நான்கு சீட்டு, தலைக்கு ஆறாயிரத்து எழுநூறு. அந்த நேரத்துக்கு எழுந்து வர யாருக்கும் மனசில்லாததால் அந்த ரேட். தாய்மாமன் தம்பதிக்கும் பங்காளிகளுக்கும் அது. பங்காளிகள் எப்படியும் நான்கு மணிக்கு எழுகிறவர்கள். கோயம்புத்தூரிலிருந்து கொல்கத்தா போய், அங்கே ஏழு மணி நேரம் உட்கார்ந்து, வேறு விமானம் மாறிப் போனால் ஏழாயிரத்து நூறு. அது சரிதா குடும்பத்துக்கு. பெங்களூரின் கீழ்ப் படி மூன்று சீட்டு செங்கோடன், சௌந்திரம், பாப்பாயிக்கு.

மூன்றாவது, கிளம்பும் நாள். புதன்கிழமை எல்லாமே இரண்டாயிரம் கூட. செவ்வாய்க்கிழமை போனால்தான் இந்த ரேட்டெல்லாம். இங்கேதான் பாப்பாயி எழுந்து நின்றார். செவ்வாய்க்கிழமை நல்ல காரியத்துக்குக் கிளம்புவதா? அதனால்தான் மலிவு என்றார் தம்பி. அஸ்ஸாம்காரனுக்கும் கம்ப்யூட்டருக்கும் செவ்வாய் தெரியுமா என்றார் அக்கா. இதற்கு வழி அக்காவிடமே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் பையை எடுத்து வேறொரு இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஞாயிறு காலை பதினோரு பைகளும் லாரி ஆபீஸுக்கு வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு யார் எந்தக் கிழமை கிளம்பினால் என்ன, பை போய்விட்டது.

திரும்பி வரும் விஷயத்தில் செங்கோடன் பழைய செங்கோடன் ஆனார். கல்யாணம் முடிந்தபிறகு நாம் தக்காளி இல்லை, ஜவ்வரிசி. எந்த நாள் மலிவோ அந்த நாள் ஏறலாம். அடுத்த செவ்வாயும் புதனும் ஐயாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைத்தன. போகவர எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரத்து அறுநூறு. பெட்டிக்குத் தனிக் காசு, சன்னல் சீட்டுக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு என்று கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாக நீட்டிய கையையெல்லாம் சரிதா தட்டிவிட்டாள். சீர்த்தட்டும் குத்துவிளக்கும் பாத்திரமும் டிக்கெட் எடுத்த அன்று ராத்திரியே அந்தப் பக்கம் போகும் ஒரு லாரியில் ஏறின. தானும் அதிலேயே போய்விடட்டுமா, பிளேனில் பயமாக இருக்கிறது என்று பாப்பாயி ரகசியமாகக் கேட்டதாகத் தகவல்.

பத்திரிகையின் பின்பக்கத்திலிருந்த பட்டியலில் எந்தப் பெயரும் அடிபடவில்லை. சௌந்திரம் அதை மடித்து வைத்துக்கொண்டார். எழுபது நாள் இருக்கும்போதே வாங்கியிருந்தால் போகும் செலவில் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு மிச்சம் என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அந்தத் தொகையை இனி எத்தனை வருடத்துக்கு எத்தனை முறை சொல்லலாம் என்று அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை பெங்களூர் விமானத்தில் மூன்று பேருக்கும் மூன்று வெவ்வேறு வரிசையில் இடம் விழுந்தது. இடம் கேட்டு வாங்கக் காசு கொடுக்காததன் பலன். கம்பளிச் சட்டையோடு பாப்பாயி முன் வரிசை ஒன்றில் வேர்த்துக்கொண்டிருந்தார். செங்கோடனுக்கு நடு சீட்டு. சன்னலோரம் ஒரு அஸ்ஸாமியப் பெண், பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். இந்தப் பக்கம் நாற்பது வயதில் ஒருவர், மடியில் லேப்டாப் பை, போனில் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். சேலம் ஃபேர்லேண்ட்ஸ், பெயர் சரவணக்குமார், பிஸ்கட் பாக்கெட் போடும் மிஷினைப் பழுது பார்க்கும் இன்ஜினியர் என்பதெல்லாம் விமானம் மேலே ஏறுவதற்குள் செங்கோடனுக்குத் தெரிந்துவிட்டது. மேலே ஏறியதும் அவரால் அடக்க முடியவில்லை.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. நீங்க என்ன ரேட்டுக்கு ஏறுனீங்க?"

அந்தக் கேள்வியை விமானத்தில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கல்யாண வீட்டில் மொய் எவ்வளவு வைத்தாய் என்று கேட்பது மாதிரி. ஆனால் சேலத்துக்காரர் சேலத்துக்காரர்தான்.

"பதினாலாயிரத்து முன்னூறுங்க."

"எப்ப எடுத்தீங்க?"

"நேத்து சாயங்காலம்."

செங்கோடன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதாங்க தக்காளி" என்றார், மிகுந்த பரிவோடு.

விளக்கம் சொல்லப் பத்து நிமிடம் ஆனது. கேட்டுவிட்டுச் சரவணக்குமார் சிரித்தார். அவருக்கு வருத்தமே இல்லை. குவாஹாட்டி பக்கம் ஒரு ஆலையில் மிஷின் நின்றுவிட்டது, ஒரு நாள் நின்றால் லட்சக்கணக்கில் நஷ்டம், டிக்கெட் முப்பதாயிரம் என்றாலும் கம்பெனி கொடுத்திருக்கும், தான் விலையைப் பார்த்துக்கூட எடுக்கவில்லை என்றார். பரிதாபப்பட வழியில்லாமல் போனதில் செங்கோடனுக்குச் சற்று ஏமாற்றம். சன்னலோர நர்ஸிடம் சரவணக்குமாரை விட்டு இந்தியில் கேட்கச் சொன்னார். வருடா வருடம் இந்த மாதம் ஊருக்குப் போவேன், லீவ் கிடைத்த அன்றே இரண்டு மாதம் முன்னால் எடுத்துவிடுவேன், நாலாயிரத்து எண்ணூறு என்றாள் அவள்.

நாலாயிரத்து எண்ணூறு, ஏழாயிரத்துத் தொள்ளாயிரம், பதினாலாயிரத்து முன்னூறு. ஒரே வரிசை, ஒரே சாய்மானம், முழங்கால் இடிக்கும் இடம்கூட ஒரே அளவு. செங்கோடன் அந்த மூன்று சீட்டையும் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். முன் வரிசையில் உள்ளவர்களிடமும் கேட்கலாம் என்று எழுந்தபோது பணிப்பெண் வந்து உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவைத்தது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் விமானம் இறங்குவதற்குள் உள்ளே கலவரம் நடந்திருக்கும்.

இறங்கும்போது சரவணக்குமாரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். உங்களைப் போல இரண்டு பேர் பதினாலாயிரம் கொடுத்ததால்தான் எங்களுக்குக் கீழ்ப் படி கிடைத்தது, நீங்கள் வந்து ஒருவேளை சாப்பிட்டால்தான் என் மனசு ஆறும் என்றார். மிஷின் ஓடிவிட்டால் வருகிறேன் என்றார் அவர்.

சென்னைக் கூட்டம் மத்தியானத்துக்கு முன்பே வந்து இறங்கியிருந்தது. கோயம்புத்தூர்க் கூட்டம்தான் வரவில்லை. கொல்கத்தாவில் பனிமூட்டம், ஏழு மணி நேரம் பதினெட்டு மணி நேரமாக நீண்டது. சரிதா குழந்தைகளோடு விமான நிலையத்து நாற்காலியில் கிடக்கிறாள் என்று கேட்டதும் சௌந்திரம் கணவர் பக்கம் திரும்பினார். இணைச்சீருக்கு ஆள் இல்லாமல் போய்விடுமா? புதன்கிழமை கிளம்பியிருந்தால் போயிருக்கும். செவ்வாய் கிளம்பியதால் ஒரு நாள் கையில் இருந்தது. புதன் மத்தியானம் நான்கு பேரும் வந்து சேர்ந்தார்கள், சின்னவன் கொல்கத்தா ரசகுல்லா டப்பாவைக் கட்டிப்பிடித்தபடி. பாப்பாயி சரிதாவைக் கட்டிக்கொண்டு அழுதார். சௌந்திரம் அழவில்லை. மடித்து வைத்த பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் சரிதா தம்பியின் பக்கத்தில் கூறைச்சேலையைப் பிடித்து நின்றாள். ரூபாலியின் சொந்தங்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். பாப்பாயியின் கம்பளிச் சட்டைக்கு அங்கேதான் முதல் முறையாக ஒரு வேலை கிடைத்தது. தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் அப்பா தட்டு நிறைய கமோசாவோடு வந்தார். வெள்ளையில் சிவப்புக் கரை போட்ட துண்டு. விருந்தாளிக்கு மரியாதை என்றால் அங்கே அதைத்தான் கழுத்தில் போடுவார்கள். சம்பந்தியிலிருந்து தொடங்கலாம் என்று நெருங்கியவர், வரிசையில் புது முகம் ஒன்று நிற்பதைப் பார்த்தார். அப்போதுதான் ஆலையிலிருந்து நேராக வந்து இறங்கியிருந்தார் சரவணக்குமார், சட்டைக் கையில் கிரீஸ். இவர் என்ன உறவு என்று பெண்ணின் அப்பா கதிரிடம் கேட்டார்.

"என்ன சொல்லட்டுங்கப்பா?" என்றான் கதிர்.

"உள்ளதைச் சொல்லு சாமி. இவரு பதினாலாயிரம் குடுத்ததுனாலதான் நாங்க பதினோரு பேரும் வந்தோமுன்னு சொல்லு. என்ற அக்கா வந்தது இவராலதான்னு சொல்லு."

கதிர் முழுவதையும் சொன்னான். தக்காளியை, ஜவ்வரிசியை, படிப்படியான சீட்டை, ஒன்றையும் விடவில்லை. பெண்ணின் அப்பா பைப் கடை முதலாளி. ஒரே பைப்பை வீட்டுக்காரருக்கு ஒரு விலை, கான்ட்ராக்டருக்கு ஒரு விலை, மழைக்காலத்தில் ஒரு விலை, மோட்டார் ரிப்பேராகித் தண்ணீர் இல்லாமல் ஓடிவருகிறவருக்கு ஒரு விலை என்று முப்பது வருடமாக விற்கிறவர். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. தலையை ஆட்டினார், சம்பந்தியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரி. பிறகு தட்டின் மேலே இருந்த முதல் கமோசாவை எடுத்துச் சரவணக்குமாரின் கழுத்தில் போட்டார். மேளக்காரர்கள், இவர்தான் பெரிய மனிதர் என்று நினைத்து அவரைச் சுற்றி நின்று அடித்தார்கள்.

பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் வரிசை தனியாகப் போட்டிருந்தது. சௌந்திரம் பரிமாறுகிறவர்களுக்குப் பின்னாலேயே நடந்து எண்ணிக்கொண்டு வந்தார். கடைசி இலையில் கமோசாவோடு சரவணக்குமார் உட்கார்ந்து மீன் குழம்பை மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு" என்றார் சௌந்திரம், கணவரைப் பார்த்து.